வேதியியலில் 2: எழுதுவதா, விடுவதா?

கேள்வி: நாங்கள் பதினெட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் எங்கள் மகள் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க விரும்புகிறாள். பள்ளியில் அவளுடைய கிரேடுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் முதல் முறை 1360 (வாசிப்பும் எழுத்தும் 620, கணிதம் 740), இரண்டாம் முறை 1370 (680, 690) தான் வந்தது. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலை ஏ.பி. தேர்வுகளில் (5-க்கு) உலக வரலாறு 4, ஆங்கிலம் 4, கால்குலஸ் ஏபி 3, வேதியியல் 2. வேதியியல் ஆசிரியை ஜனவரியில் விடுப்பில் போனார். அதன்பின் ஆண்டு முடியும்வரை மாற்று ஆசிரியர்கள்தான் வந்து போனார்கள். வகுப்பில் அவளுக்கு பி பிளஸ் கிடைத்தது. ஜார்ஜியா டெக், கார்னெல், சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம், தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று சொல்லும் இரண்டு தனியார் கல்லூரிகள் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கிறாள். தமிழ்நாட்டில் பொறியியல் படித்த என் கணவர், "வாங்கிய மார்க்கை மறைப்பது பொய் சொல்வதற்குச் சமம், எல்லாவற்றையும் எழுது" என்கிறார். மகளோ எதையுமே கொடுக்க மாட்டேன் என்கிறாள். இரவுச் சாப்பாடு ஒவ்வொரு நாளும் இந்தப் பேச்சில்தான் முடிகிறது. யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மகளின் எஸ்.ஏ.டி. மதிப்பெண் 1370 என்று எழுதியிருக்கிறீர்கள். ஜார்ஜியா டெக்கும் கார்னெலும் அதை 1420 என்றுதான் பார்க்கும். வெவ்வேறு நாள்களில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பிரிவின் உயர்ந்த மதிப்பெண்ணையும் எடுத்துக் கூட்டிக்கொள்ளும் சூப்பர்ஸ்கோர் முறையை இவ்விரண்டும் பின்பற்றுகின்றன. இரண்டாம் தேர்வின் 680-ஐயும் முதல் தேர்வின் 740-ஐயும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் குறைவு என்பதற்காக முதல் தேர்வை விட்டுவிட்டால், பொறியியல் கேட்கும் ஒரு பெண்ணின் விண்ணப்பத்திலிருந்து கணிதத்தின் 740 காணாமல் போய்விடும். எந்தத் தேர்வை அனுப்புவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை, இத்தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு மாணவருக்குத் தருகிறது. ஆனால் அந்த உரிமை தேர்வு நாளுக்குத்தானே தவிர, ஒரு நாளின் கணிதத்தை மட்டும் பிய்த்து எடுத்து அனுப்புவதற்கில்லை. ஆகவே கொடுக்கும் இடத்தில் இரண்டு தேர்வுகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் பட்டியலில் உள்ள ஆறு இடங்களுக்கும் ஒரே விடை கிடையாது. உங்கள் கணவரும் மகளும் மோதிக்கொள்வதற்குக் காரணமே இருவரும் ஒரே விடையைத் தேடுவதுதான் என்று நினைக்கிறேன். கார்னெல், 2026 இலையுதிர் காலத்தில் சேர்வோர் தொடங்கி எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வு கட்டாயம் என்று 2024 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. ஜார்ஜியா டெக்கும் கேட்கிறது. 2020-இல் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது தளர்த்திய விதியை எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு எனப் பலவும் 2024-இல் அதே வழியில் சென்றன. இத்தகைய இடங்களில் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிர்: 2021-இல் ஏற்பட்ட ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பின், சேர்க்கை முடிவில் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டையும் அது பார்ப்பதேயில்லை. அங்கே 1600 வாங்கினாலும் பயனில்லை, 1100 வாங்கினாலும் பாதகமில்லை. ஆகவே சாப்பாட்டு மேசையில் நடக்கும் வாதம் உண்மையில் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் இரண்டு தனியார் கல்லூரிகளையும் பற்றியது மட்டுமே.

அந்த மூன்றுக்கும் முடிவெடுக்க, காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் இதை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு இந்தப் பெயரைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி7 என்ற பகுதி, சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று கட்டம் கட்டிக் காட்டும். சி9 என்ற பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள், அப்படிக் கொடுத்தவர்களில் கீழ்க் கால்பங்கு எந்த எண்ணில் முடிகிறது, மேல் கால்பங்கு எந்த எண்ணில் தொடங்குகிறது என்ற விவரங்கள் அங்கே இருக்கும். பெற்றோர் எல்லோரும் இரண்டாவது விவரத்தைப் பார்த்துக் கலங்குகிறார்கள்; முதல் விவரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு கல்லூரியில் 1,000 பேர் சேர்ந்தார்கள், அவர்களில் 450 பேர் மட்டும் மதிப்பெண் கொடுத்தார்கள், அந்த 450 பேரில் கீழ்க் கால்பங்கு முடியும் கீழ்க் கோடு 1390, மேல் கால்பங்கு தொடங்கும் மேல் கோடு 1510 என்று வைத்துக்கொள்வோம். 1420 என்பது கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே, நடுவுக்குக் கீழே நிற்கிறது. பார்த்தவுடன் மனம் சோர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோடுகள் வரையப்பட்டது கொடுத்தவர்களை வைத்து மட்டுமே. கொடுக்காத 550 பேரில் பெரும்பாலோர், தம் மதிப்பெண் போதாது என்று நினைத்துத்தான் கொடுக்காமல் இருந்திருப்பார்கள். 450 பேரில் 1420-க்கு மேலே இருப்பவர்கள் ஏறத்தாழ 280 பேர்; மற்ற 550 பேரிலிருந்து சிலரைச் சேர்த்துக்கொண்டாலும், 1,000 பேரில் உங்கள் மகள் முதல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறாள். கட்டாயம் நீங்கிய பிறகு பல கல்லூரிகளின் மதிப்பெண் வரம்பு மேலே ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிள்ளைகள் திடீரென்று கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்று அதைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தை நான் தாமதமாகக் கற்றேன் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். 2022-இல், கிராமப்புறப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவர் 1410 வாங்கியிருந்தார். அவருடைய பள்ளியில் அது மிக அரிதான மதிப்பெண். அவர் விரும்பிய கல்லூரியின் கீழ்க் கோடு 1440 என்பதைப் பார்த்துவிட்டு, கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார், இடம் கிடைக்கவில்லை. கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆனால் 2024 தொடக்கத்தில் டார்ட்மவுத் கல்லூரி தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதற்கு அடிப்படையாக வெளியிட்ட தன் பேராசிரியர்களின் ஆய்வில், வசதி குறைந்த பின்னணியிலிருந்து வரும் மாணவர்கள், கொடுத்திருந்தால் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்களையே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று படித்த அன்று, அந்த மாணவரின் முகம்தான் என் கண் முன்னால் வந்தது. அன்றிலிருந்து, கல்லூரியின் வரம்பைப் பார்ப்பதற்கு முன் மாணவரின் பள்ளியைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

விண்ணப்பத்தை வாசிப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சில ஆண்டுகள் ஒரு சேர்க்கை அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாசித்திருக்கிறேன். திரையின் ஒரு பக்கத்தில், பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய மாணவரின் டிரான்ஸ்கிரிப்ட் இருக்கும். அதன் பின்னாலேயே பள்ளி அனுப்பிய பள்ளிக் குறிப்பு இருக்கும். அந்தப் பள்ளியில் எத்தனை ஏ.பி. பாடங்கள் உண்டு, எத்தனை சதவீதம் பேர் நான்காண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள், பல பள்ளிகளில் சராசரி எஸ்.ஏ.டி. எவ்வளவு என்பதெல்லாம் அந்த இரண்டு மூன்று பக்கங்களில் அடங்கியிருக்கும். சராசரி 1100 என்று இருக்கும் பள்ளியிலிருந்து வரும் 1420, வாசிப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். சராசரியே 1380 என்றிருக்கும் பள்ளியிலிருந்து வந்தால், அது தடையாகவும் இருக்காது, பெரிய துணையாகவும் இருக்காது. நியூ ஜெர்சியில் இவ்விரண்டு வகைப் பள்ளிகளும் சில மைல் இடைவெளியில் இருக்கின்றன. உங்கள் மகளின் பள்ளி எந்த வகை என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி நீங்களே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான பள்ளிகள் மறைப்பதில்லை.

இவற்றை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1420-ஐக் கொடுப்பதே நல்லது. அங்கே சில உதவித்தொகைகளுக்கு மதிப்பெண்ணைப் பார்க்கிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரிகள் இரண்டில், சேர்ந்தவர்களில் எழுபது சதவீதம் போலப் பெரும்பாலோர் மதிப்பெண் கொடுத்திருக்கிற கல்லூரியாக இருந்தால், கட்டாயமில்லை என்று அவர்கள் எழுதியிருந்தாலும் மதிப்பெண்ணுக்கு அங்கே எடை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மதிப்பெண் கீழ்க் கோட்டை எட்டினால் கொடுங்கள். முப்பது சதவீதம் பேரே கொடுத்திருக்கிற கல்லூரியாக இருந்து, மதிப்பெண் கீழ்க் கோட்டுக்கும் கணிசமாகக் கீழே இருந்தால், தயக்கமின்றி விட்டுவிடலாம். சூப்பர்ஸ்கோர் எடுக்காத கல்லூரி என்றால் 1370-ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள்.

இனி ஏ.பி. இங்கே விதிகள் வேறு. விண்ணப்பத்தில் ஏ.பி. மதிப்பெண்ணை மாணவரே எழுதுகிறார். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் தேர்வுகளுக்கான பக்கத்தில், தெரிவிக்க விரும்பும் தேர்வுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காத தேர்வு அங்கே தெரியாது. ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடம் தெரியும். பதினொன்றாம் வகுப்பு, ஏ.பி. வேதியியல், பி பிளஸ் என்ற வரியை வாசிப்பவர் பார்க்கிறார். அடுத்த பக்கத்துக்குப் போனால் வரலாறும் ஆங்கிலமும் 4 என்று இருக்கின்றன, வேதியியலைக் காணவில்லை. தேர்வு எழுதவில்லை போலும், அல்லது சரியாக வரவில்லை போலும் என்று ஒரு கணம் நினைப்பார். தேர்வுக் கட்டணம் 2025-இல் ஒரு பாடத்துக்கு 99 டாலர் என்பதால் எழுதாமல் விடுபவர்களும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு கணத்துச் சந்தேகத்தை விண்ணப்பம் தாங்கிக்கொள்ளும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கேட்கும் மாணவி தானே முன்வந்து எழுதும் 2 அதைவிடக் கனமானது. ஆகவே கட்டாயமில்லாத எந்த இடத்திலும் வேதியியல் மதிப்பெண்ணை எழுத வேண்டாம். இரண்டு 4-களையும் எல்லா இடங்களிலும் எழுதுங்கள்.

கால்குலஸ் 3 பற்றி ஆலோசகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 3 என்றால் தகுதி பெற்றவர் என்பதுதான் காலேஜ் போர்டு அதற்குத் தரும் பொருள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3-க்கும் கிரெடிட், அதாவது பட்டக் கணக்கில் சேரும் புள்ளி, தருகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அதை எழுதலாம். கார்னெலுக்கும் ஜார்ஜியா டெக்குக்கும் நானாக இருந்தால் எழுத மாட்டேன். அங்கே கணிதத்தில் அவளுக்காக 740 பேசட்டும். காமன் ஆப்பில் தேர்வுப் பக்கம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவானது. ஆனால் ஒரு கல்லூரிக்குச் சமர்ப்பித்த பின் அதைத் திருத்தி அடுத்த கல்லூரிக்கு அனுப்ப முடியும். முன்பு அனுப்பியது மாறாது. எதை எந்த நாளில் அனுப்பினோம் என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் விண்ணப்பம் தனி, அதில் ஏ.பி. பகுதிக்கு என்ன அறிவுறுத்தல் இருக்கிறதோ அதை அப்படியே பின்பற்றுங்கள். அங்கே ஏ.பி. வகுப்பில் வாங்கிய கிரேடுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளி, தேர்வு மதிப்பெண்ணைப் பொறுத்து மாறுவதில்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்; அந்த பி பிளஸுக்கு உரிய கூடுதல் புள்ளி அவளுடையதே.

வேதியியலைக் காலேஜ் போர்டின் பதிவிலிருந்தே நீக்கிவிடலாமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். நீக்க முடியும், ஆனால் நீக்கினால் திரும்ப வராது, அதற்குத் தேவையும் இல்லை. சேர்ந்த கல்லூரிக்கு அதிகாரபூர்வ ஏ.பி. அறிக்கையை அனுப்பும்போது எழுதிய எல்லா மதிப்பெண்களும் போகும். ஆனால் அப்போது சேர்க்கை முடிந்திருக்கும். கிரெடிட் கணக்குக்காக மட்டுமே அதைப் பார்ப்பார்கள். 2-ஐக் கண்டு யாரும் இடத்தைத் திரும்பப் பெறமாட்டார்கள்.

ஆசிரியை விடுப்பில் போன செய்தி, மதிப்பெண்களைவிட முக்கியமானது. அதை மகள் எழுதினால் குறை சொல்வதுபோல் ஒலிக்கும். பள்ளி ஆலோசகர் தம் கடிதத்தில் எழுதினால் தகவலாகிவிடும். ஜனவரி முதல் அந்த வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை என்ற ஒரே வாக்கியம் போதும். வகுப்பில் அவள் அந்த மாதங்களில் தானாகப் படிக்க ஏதேனும் செய்திருந்தால், அதை மட்டும் கூடுதல் தகவல் பகுதியில் இரண்டு மூன்று வரிகளில் அவளே எழுதலாம். மதிப்பெண்ணைக் குறிப்பிட வேண்டியதில்லை. இந்த ஆண்டு அவள் ஏதாவது அறிவியல் பாடம் எடுத்திருந்தால், ஆண்டின் நடுவில் பள்ளி அனுப்பும் கிரேடு அறிக்கையில் அது நன்றாக இருப்பது, எந்த விளக்கத்தையும்விடப் பலமான பதில்.

உங்கள் கணவரின் கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ப்ளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் சேர்ந்து வரும் கட்-ஆஃப்தான் எல்லாம் என்றிருந்த காலத்தில், அரை மார்க்கில் கிண்டி கைவிட்டுப் போன நண்பர்களோடு வளர்ந்தவர் அவர். அங்கே மதிப்பெண்ணை மறைக்க வழியில்லை. மாற்றிக் காட்டினால் அது மோசடி. அந்த நேர்மையை அவர் மகளுக்குக் கொடுக்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் இங்கே கல்லூரி கேட்கும் கேள்வியே வேறு. "இதைக் கொண்டு உன்னை மதிப்பிட விரும்புகிறாயா?" என்று அவர்கள் கேட்கிறார்கள், "வேண்டாம்" என்பது அந்தக் கேள்விக்கு உண்மையான பதில். அடுக்கிவைத்த பத்து விண்ணப்பப் பக்கங்களின் முடிவில், இதில் உள்ளவை யாவும் உண்மை என்று அவள் கையொப்பமிடும்போது, விருப்பம் என்று விட்ட இடத்தை நிரப்பாதது அதில் பிழையாகாது. 2-ஐ 3 என்று எழுதுவது பொய். எழுதிய எல்லாத் தேர்வுகளையும் அனுப்பச் சொல்லும் ஜார்ஜ்டவுன் போன்ற இடத்துக்கு ஒன்றை மட்டும் அனுப்புவதும் பொய். எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி. மதிப்பெண்களைக் கொடுக்கலாம் என்று யேல் 2024-இல் அறிவித்தபோது, அப்படிக் கொடுப்பவர் எழுதிய ஏ.பி. அனைத்தையும் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அங்கே வேதியியலை விடுவதும் பொய்தான். கல்லூரிக்குக் கல்லூரி விதியைப் படிப்பதில்தான் நேர்மை இருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த விதிகளைப் படிக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தாலும் நல்லது.

மகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். எதையுமே கொடுக்க மாட்டேன் என்பது கணக்குப் பார்த்து எடுத்த முடிவா, அல்லது அந்த 2-ஐப் பார்த்த ஜூலை மாதத்து நாளிலிருந்து வரும் கூச்சமா? பதினேழு வயதுப் பெண்கள் பலர், ஒரு மதிப்பெண்ணைப் பார்க்கச் சகிக்காமல் நல்ல மதிப்பெண்களையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். சி9 பக்கத்தை அவளே தேடி எடுத்து, அவளே கணக்குப் போட்டு, மூன்று கல்லூரிகளுக்கும் அவளே முடிவு சொல்லட்டும். அவள் முடிவு என் கருத்திலிருந்து மாறினாலும், காரணம் சொல்லி எடுத்த முடிவாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். டிசம்பரில் மூன்றாம் முறை எஸ்.ஏ.டி. எழுதுவதா என்பதும் அவள் விருப்பத்துக்கு உரியது. கட்டுரைகள் முடியாமல் இருந்தால் நான் அதற்கு ஊக்குவிக்க மாட்டேன்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு காரியம் பாக்கி. சில பள்ளிகள் எஸ்.ஏ.டி., ஏ.பி. மதிப்பெண்களை டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சிட்டு அனுப்பிவிடுகின்றன. அப்படியானால் நீங்கள் வீட்டில் எடுக்கும் முடிவுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். நாளைக்கே ஆலோசகருக்கு மகளை மின்னஞ்சல் எழுதச் சொல்லி, கல்லூரிகளுக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்டின் நகலைக் கேளுங்கள். மதிப்பெண்கள் இருந்தால் அவை இல்லாத பிரதியை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள். ஆசிரியை விடுப்பு பற்றிய ஒரு வரியையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். ஜார்ஜியா டெக்கின் முன்கூட்டிய விண்ணப்பக் கெடு நவம்பர் தொடக்கத்தில் வருகிறது, அந்த வாரத்தில் ஆலோசகர்களைப் பிடிப்பது கடினம்.